‘இங்க கொடும்மா’ வாத்தியார்

கற்றுக்கொடுப்பவர்களில் எத்தனையோ ரகம். திட்டித் திட்டிக் கற்றுக்கொடுப்பவர்கள், கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொடுப்பவர்கள், பாதித் தூக்கத்தில் கற்றுக்கொடுப்பவர்கள் என்று எல்லாரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாம் பார்க்கப்போவது ‘இங்க கொடு’ வாத்தியார் என்னும் தனி இனம். இந்த இனத்தைச் சேர்ந்தவர் உங்கள் கையில் கருவியைக் கொடுப்பார், “பயப்படாம செய், நான் இருக்கேன்ல” என்று தோளைத் தட்டுவார், இரண்டடி தள்ளி நிற்பார், நீங்கள் ஆரம்பித்ததும் “ஆஹா, அப்படித்தான்” என்பார், பிறகு அந்த இரண்டடியில் ஒரு அடியைக் குறைத்துக்கொள்வார், கழுத்தை நீட்டுவார், உங்கள் காதருகே மூச்சை இழுத்துப் பிடிப்பார், வேலை முக்கால்வாசி முடிந்து முக்கியமான இடம் வந்ததும் கையை நீட்டிவிடுவார். “சரி, இங்க கொடு.” முடிந்தது பாடம்.

தையல் சொல்லிக்கொடுக்கிற அத்தைகளிலும் இந்த இனம் உண்டு, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற மாமாக்களிலும் உண்டு. அவர்களால் ஒன்றும் குடி முழுகிவிடாது. தையல் வராவிட்டால் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம், கார் வராவிட்டால் பஸ்ஸில் போகலாம். ஆனால் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியைப் பார்க்கவேண்டுமென்றால் நீங்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடிக்கு, குழந்தைகளின் சிறுநீரக வார்டுக்கு வரவேண்டும். லிஃப்ட் மெதுவாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வார்டுக்குப் படிக்க வருகிறவர்கள் பச்சைப் பிள்ளைகள் அல்ல. டாக்டருக்குப் படித்து, அதற்கு மேல் குழந்தை மருத்துவம் படித்து, ஊரில் நாலு பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற வயதில், குழந்தைகளின் சிறுநீரகத்தை மட்டும் தனியாகக் கற்றுக்கொள்வதற்காக மறுபடியும் மாணவராக வந்து நிற்பவர்கள். ஃபெலோஷிப் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயர். ஒரு குழந்தையின் முஷ்டி அளவுதான் இருக்கும் அதன் சிறுநீரகம். அதற்கு இத்தனை வருஷமா என்று கேட்காதீர்கள். அது வேலைநிறுத்தம் செய்தால் முகம் வீங்கும், மூச்சு வாங்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகும். எனவே கற்றுக்கொள்ளத்தான் வேண்டும், கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், அதற்குத்தான் அங்கே பெரிய டாக்டர் இருக்கிறார்.

பெரிய டாக்டர் நல்ல மனுஷர். முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். குரலை உயர்த்த மாட்டார். கோபித்துக்கொள்ள மாட்டார். பயிற்சிக்கு வந்த எல்லாரையும் “அம்மா”, “அப்பா” என்றுதான் கூப்பிடுவார். வள்ளென்று விழுகிற வாத்தியாராக இருந்தால் முதுகுக்குப் பின்னால் நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். இவரிடம் அதற்கும் வழி கிடையாது. அன்பாகப் பிடுங்குவார். பிடுங்கிய பிறகு “பார்த்தியா, எவ்வளவு ஈஸி!” என்று சந்தோஷமாகச் சிரிப்பார். அவருடைய தாரக மந்திரம் ஒன்று உண்டு, அதை வார்டில் இருக்கிற குளுக்கோஸ் பாட்டில்கூட ஒப்பிக்கும்: “புஸ்தகம் படிச்சா டாக்டர் ஆகிட முடியாதும்மா. கையால செய்யணும்.”

யார் கையால் என்று அவர் சொன்னதில்லை.

இவரிடம் மாட்டிக்கொண்டவள்தான் நம் சின்ன டாக்டர். வார்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முன்நெற்றியில் நரை எட்டிப்பார்க்கிற வயது, ஊரில் கணவன், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற மகள், இங்கே ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு கட்டில், ஒரு கெட்டில். வந்த புதிதில் பெரிய டாக்டரின் கனிவைப் பார்த்து, கொடுத்துவைத்தவள் நான் என்று வீட்டுக்குப் போன் செய்து பூரித்துப்போனாள். பூரிப்பு அடங்க ஒரு மாதம் பிடித்தது.

காலையில் படுக்கை படுக்கையாகப் போவார்கள். வீங்கின முகத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பையன் முன்னால் நின்று பெரிய டாக்டர் கேட்பார்: “இவனுக்கு ஏன் உப்பைக் குறைக்கிறோம்? நீ சொல்லும்மா.” சின்ன டாக்டர் “ஏன்னா சார்…” என்று வாயைத் திறப்பாள். அதற்குள் பதில் வந்துவிடும், அவரிடமிருந்தே, விளக்கத்தோடு, விதிவிலக்கோடு, இளமையில் தான் பார்த்த ஒரு அபூர்வ நோயாளியின் கதையோடு. இவள் திறந்த வாயை மெதுவாக மூடிக்கொள்வாள். அடுத்த படுக்கையில் மறுபடியும் திறப்பாள். தொட்டியில் இருக்கிற மீன்கூட அவ்வளவு தடவை வாயைத் திறந்து மூடாது. பலகையில் படம் வரைந்து விளக்கச் சொல்வார். இவள் ஒரு வட்டம் போடுவதற்குள் மார்க்கர் அவர் கைக்குப் போயிருக்கும். வட்டம் இன்னும் கொஞ்சம் உருண்டையாக இருக்கலாமாம்.

ஊசி போட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு நூலிழை அளவு சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிற வேலை ஒன்று உண்டு. பயாப்ஸி என்பார்கள். குழந்தையிடம் பேசிச் சிரிக்கவைத்து, குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஸ்கேனில் இடம் பார்த்து, தோலை மரக்கவைத்து, ஊசியை உள்ளே செலுத்தி, திரையில் அதன் நுனி சிறுநீரகத்தைத் தொடுகிற வரைக்கும் எல்லாம் சின்ன டாக்டர்தான். பின்னாலிருந்து “சூப்பர்… சூப்பர்… இன்னும் கொஞ்சம்…” என்று வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். இனி விசையை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அப்போது தோளுக்கு மேலே ஒரு கை வரும். “இங்க கொடும்மா.” டக். முடிந்தது. “பார்த்தியா, எவ்வளவு ஈஸி!”

கொடுக்க மாட்டேன் என்று சொல்லவேண்டியதுதானே என்கிறீர்கள். சொல்லிப் பாருங்களேன். குழந்தையின் முதுகில் ஊசி நிற்கும்போது வாத்தியாரும் மாணவியும் இழுபறி நடத்த முடியுமா? அங்கேதான் இந்த இனத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. மறுத்தால் ஆபத்து என்கிற நொடியைப் பார்த்துத்தான் கையை நீட்டுவார்கள். தெரிந்து செய்கிறார்களா, தெரியாமல் செய்கிறார்களா என்று கேட்டால், தெரியாமல்தான் செய்கிறார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஊசியோடு விட்டாரா? ஒரு நாள் ஒரு அம்மாவை உட்காரவைத்து, அவள் பிள்ளையின் இரண்டு சிறுநீரகமும் இனித் தேறாது, ஒரு நாள் மாற்றுச் சிறுநீரகம் வைக்கவேண்டியிருக்கும் என்று சின்ன டாக்டர் பக்குவமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அழவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தவள், நிமிர்ந்து, ஏதோ ஒன்றைக் கேட்க வாயெடுத்தாள். அவள் அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு வந்தார் பெரிய டாக்டர். “நான் சொல்றேம்மா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அருமையாக, தெளிவாக, ஒரு குறையும் சொல்லமுடியாதபடி எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போனார். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லை.

வார்டில் மாதக்கணக்காகப் படுத்துக் கிடக்கிற குழந்தைகளுக்கு வேறு பொழுதுபோக்கு ஏது? பொம்மையை வைத்து டாக்டர் விளையாட்டு விளையாடுவார்கள். ஒரு நாள் இரண்டு சிறுமிகளுக்குள் சண்டை மூண்டது. நான்தான் பெரிய டாக்டர், நீ சின்ன டாக்டர் என்று ஒருத்தி சொல்ல, மற்றவள் உதட்டைப் பிதுக்கினாள். “நான் மாட்டேன். சின்ன டாக்டரா இருந்தா சும்மா நிக்கணும்.” பக்கத்துப் படுக்கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர் காதில் அது விழுந்தது. அன்றைக்கு மத்தியானம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சிக் காலம் முடிகிற நேரம் வந்தது. அவளுடைய ஊர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று ஒரு டயாலிசிஸ் அறை தயாராகிவிட்டது. இரண்டு கட்டில், ஒரு இயந்திரம். அந்த இயந்திரம் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் டாக்டருக்காகக் காத்திருந்தது. அந்தப் பக்கத்துக் குழந்தைகள் வாரத்துக்கு மூன்று தடவை பஸ் பிடித்து இங்கே வந்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வாந்தியெடுத்தபடி திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் போனால் அந்த அறை திறக்கும். போகவேண்டுமென்றால், ‘இவள் தனியாக நிற்பாள்’ என்று பெரிய டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

“உனக்கு என்னம்மா குறை? விஷயம் தெரிஞ்ச பொண்ணு. உன் அளவுக்குப் படிச்சவ இங்க யாரு இருக்கா?” என்றார் பெரிய டாக்டர். அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா கை இன்னும் வரலையேம்மா. ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்துல நான்தானே வரவேண்டியிருக்கு?”

கேட்டீர்களா? சாப்பிடவிடாமல் தட்டைப் பிடுங்கிவிட்டு, பிள்ளை ஏன் இளைத்துப்போய் இருக்கிறது என்று கவலைப்படுகிறவரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? அதையும் எவ்வளவு பாசமாகச் சொல்கிறார்! அவர் கண்ணில் பொய் இல்லை, கள்ளம் இல்லை, நிஜமாகவே வருத்தப்படுகிறார். “இன்னும் ஒரு வருஷம் இரும்மா. நான் கூடவே இருந்து சொல்லித்தரேன்.” இவள் சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் பெருமூச்சு விட்டான். மகள் போனை வாங்கிக்கொண்டு, “அம்மா, நீ ஃபெயிலா?” என்று கேட்டாள்.

இதற்குப் பிறகு ஒரு வாரத்தில் பெரிய டாக்டர் வெளியூர் கிளம்பினார். ஒரு பெரிய மாநாடு, இளம் டாக்டர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்று அதில் இவர்தான் உரை நிகழ்த்துகிறார். தலைப்பு: ‘கையால் கற்றல்’. நீங்கள் சிரிக்கவேண்டாம், அவர் சிரிக்கவில்லை. போகிற போக்கில் சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, அவசரம் ஏதாவது வந்தால் எதையும் தொடவேண்டாம், போன் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவசரம் எதுவும் வராமல் இருக்குமா? மறுநாள் முற்பகலில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா ஓடிவந்தாள். ரத்தமாக வயிற்றுப்போக்குப் போனதாம், அது நின்றதாம், நின்றபிறகு குழந்தை இன்னும் மோசமாகிவிட்டதாம். “ரெண்டு நாளா ஒண்ணுக்கே போகல டாக்டர்” என்றாள் அந்த அம்மா. குழந்தை வெளுத்துப்போய், கண் செருகி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் எகிறியிருந்தது. ஈசிஜி கோடு கூராக எழத் தொடங்கிவிட்டது. மருந்து கொடுத்து அடக்கினார்கள். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். அவ்வளவு சின்ன உடம்பை இயந்திரத்தில் மாட்ட முடியாது. தொப்புளுக்குக் கீழே ஒரு மெல்லிய குழாயைச் செருகி, வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, அது கழிவை ஈர்த்துக்கொண்டதும் வெளியே வடிக்கவேண்டும். உடனே செய்யவேண்டும்.

செய்யக்கூடிய இன்னொரு சீனியர், முதுகில் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். குழந்தைகள் சர்ஜன் ஆபரேஷன் தியேட்டரில், வேறொரு குழந்தையின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். சாயங்காலத்துக்கு முன்னால் வெளியே வரமாட்டார். சின்ன டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் மேடைக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் வருகிற வரைக்கும் தாங்காதா என்று கேட்டார். தாங்காது என்றாள். அவர் யோசித்தார். “சரி, வீடியோ போடு. நான் சொல்லச் சொல்லச் செய்.”

நர்ஸ் போனைக் குளுக்கோஸ் கம்பத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். அதற்குள்ளே பெரிய டாக்டர், கழுத்தில் மாநாட்டு அட்டையோடு. மயக்க மருந்து டாக்டர் குழந்தையின் தலைமாட்டில் நின்று அதைத் தூங்கவைத்தார். சின்ன டாக்டர் கை கழுவி, கையுறை போட்டு, துணி விரித்து, இடம் பார்த்து, மரக்க ஊசி போட்டு, எல்லாவற்றையும் மளமளவென்று செய்தாள். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கம்பத்திலிருந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. “அப்படித்தான்… சூப்பர்… நேரா பிடி… மெதுவா…” ஊசி நுனி தோலைத் துளைத்தது. இனி வயிற்றுச் சுவரைத் தாண்டவேண்டும். அதற்கு மேல் எவ்வளவு ஆழம், எங்கே நிறுத்துவது என்பதைக் கைதான் சொல்லும். எப்படி சார் தெரியும் என்று அவள் பல தடவை கேட்டிருக்கிறாள். அது கைக்குத் தெரியும்மா என்பதுதான் பதில்.

“சரி, இங்க கொடும்மா” என்றது போன்.

அவள் ஊசியை வெளியே எடுத்தாள். கை தானாகத் திரும்பியது. போனுக்கு நேராக ஊசியை நீட்டினாள்.

போனில் முகத்தைக் காணோம். திரை முழுக்க ஒரு உள்ளங்கை விரிந்திருந்தது. அவரும் அங்கே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. தலைமாட்டில் நின்றவர் சின்ன டாக்டரையே பார்த்தார். ஈசிஜி மட்டும் கிணுகிணுவென்று அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், இந்தப் பக்கம் படித்த டாக்டர் ஒருத்தி ஒரு டெலிபோனிடம் ஊசியை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சின்ன டாக்டருக்கு முதலில் அவமானமாக இருந்தது. பிறகு பயம் வந்தது. எந்தக் கையை நம்பி இந்தக் குழந்தையைப் படுக்கவைத்தோமோ அந்தக் கை மூன்று வருஷமாக ஒரே ஒரு பாடத்தைத்தான் சுத்தமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது, முக்கியமான நேரத்தில் கொடுத்துவிடுவது என்று அவளுக்கு உறைத்தது. அப்போதுதான் கோபம் வந்தது. நல்ல, சூடான, வயிற்றிலிருந்து கிளம்பிய கோபம்.

“சிஸ்டர், அந்த போனைத் திருப்பி வைங்க.”

“எந்தப் பக்கம் டாக்டர்?”

“சுவர் பக்கம்.”

நர்ஸ் திருப்பினாள். சின்ன டாக்டர் புது ஊசி வாங்கினாள். கையை நிலையாக வைத்துக்கொண்டாள். தோல். அதற்குக் கீழே கொஞ்சம் முரண்டு பிடிக்கிற ஒரு அடுக்கு. அழுத்தினாள். இன்னும் கொஞ்சம். சட்டென்று ஒரு இளக்கம், ஒருவர் வழிவிட்டு நகர்ந்துகொண்டதுபோல. நிறுத்தினாள். அதுதான். அவ்வளவுதான். கம்பத்திலிருந்து “என்னம்மா, ஒண்ணும் தெரியலையே… சுவர்தானே தெரியுது… எங்க இருக்க?” என்று குரல் வந்துகொண்டிருந்தது. கம்பியை உள்ளே விட்டாள், அதன் மேலேயே குழாயைச் செருகினாள், தைத்தாள், திரவத்தை உள்ளே ஓடவிட்டாள். காத்திருந்தாள். பையைக் கீழே இறக்கினாள். ஒன்றும் வரவில்லை. குழந்தையை லேசாக ஒருபக்கம் திருப்பினாள். முதலில் ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று, பிறகு தெளிவாக, தடையில்லாமல் வடிய ஆரம்பித்தது.

அவள் அழுவாள் என்று நர்ஸ் எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. இவ்வளவுதானா, இதற்கா என்னை இத்தனை வருஷம் தள்ளி நிற்கவைத்தார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பிறகு கையுறையைக் கழற்றி, போனைத் திருப்பி, “போட்டாச்சு சார், நல்லா வடியுது” என்றாள். பெரிய டாக்டரின் முகம் மலர்ந்தது. “பார்த்தியா, எவ்வளவு ஈஸி!” என்றார். மேடையில் கூப்பிட்டார்கள். ‘கையால் கற்றல்’ பற்றிப் பேசப் போய்விட்டார்.

நாலைந்து நாளில் பொட்டாசியம் இறங்கியது, குழந்தை பொம்மை கேட்டது, பிறகு பால் கேட்டது. ஒரு காலையில் அதன் அம்மா ஈரப் போர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடிவந்தாள். “நனைச்சிட்டா டாக்டர், பெட்டு பூரா நனைச்சிட்டா!” அந்தப் போர்வையைப் பார்த்துப் பூரித்துப்போய் நிற்கிறவர்களை வேறெந்த வார்டிலும் பார்க்கமுடியாது. அந்த அம்மா நேராக, மாநாட்டிலிருந்து திரும்பியிருந்த பெரிய டாக்டரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்தான் வெளியூரிலிருந்தே போன் மூலமாகக் காப்பாற்றினார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவரேதான்.

வாராந்தரக் கூட்டம் வந்தது. மற்றப் பிரிவுத் தலைவர்கள், ஆஸ்பத்திரி இயக்குநர், நர்ஸ்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லும்மா என்றார் பெரிய டாக்டர். சின்ன டாக்டர் எழுந்து “மூணு வயசு…” என்றாள். மீதியை அவர் சொன்னார். எப்படி நிலைமை கைமீறிப் போனது, எப்படித் தான் மாநாட்டுக்கு நடுவிலும் கலங்காமல் இருந்தது, எப்படி ஒவ்வொரு அங்குலமாகக் கண்காணித்தது, எல்லாம் சொன்னார். சுவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மறந்தே போயிருப்பார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஒரு விதத்துல பார்த்தா, அந்தக் குழாயை நான் அங்க இருந்தே போட்டேன்னு சொல்லணும்” என்றார். இயக்குநர் கைதட்டினார். போனைத் திருப்பி வைத்த நர்ஸ் சின்ன டாக்டரைப் பார்த்தாள், சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

சின்ன டாக்டருக்கு வாய்வரை வந்தது. இந்தத் தடவை வாயைத் திறந்தால் மூடப்போவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டுதான் எழுந்தாள். எழுந்து நின்றதும் வேறொன்று தோன்றியது.

“ஆமா சார். நீங்கதான் போட்டீங்க” என்றாள். நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “நீங்க அங்க இருந்துகிட்டே இங்க போடலாம்னா, நான் இங்க இருந்தா என்ன, எங்க ஊர்ல இருந்தா என்ன சார்? ரெண்டும் உங்களுக்கு ஒரே தூரம்தானே? அங்க ரூம் ரெடியா இருக்கு. நான் போகட்டுமா?”

எல்லாரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? இவளுக்குக் கை வரவில்லை, தனியாக விடமுடியாது என்றால், வெளியூரிலிருந்தே குழாய் போட்ட அதிசயம் பொய்யாகிவிடும். அதிசயம் நிஜம் என்றால் இவளைப் பிடித்துவைக்கக் காரணம் இல்லை. ஒரு நிமிஷம் அவர் முகத்தில் இரண்டும் மல்லுக்கட்டின. எது ஜெயிக்கும் என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துதான் கேட்டாள். “அதானே!” என்றார் பெரிய டாக்டர். “தாராளமா போம்மா. அங்கயும் நாமளே பார்த்துக்கலாம்.” அன்று மாலைக்குள், அந்த ஊரில் தன்னுடைய கிளை ஒன்று திறக்கப்போவதாக வார்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

அந்த ஊர் இயந்திரத்தின் பிளாஸ்டிக் உறை கழன்றது. பஸ்ஸில் அலைந்த குழந்தைகள் இப்போது நடந்தே வருகிறார்கள். மகள், அம்மா பாஸ் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். கதையை இங்கேயே மங்களமாக முடித்துவிடலாம். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே.

அங்கே அவளிடம் பயிற்சிக்கு ஒரு இளம் டாக்டர் வந்தான். கை கொஞ்சம் நடுங்குகிற பிள்ளை. அவன் முதல்முதலாக ஒரு குழந்தைக்குக் குழாய் போட்டபோது சின்ன டாக்டர் இரண்டடி தள்ளித்தான் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஒரு கை மற்றதன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் ஊசி தயங்கித் தயங்கி இறங்கியபோது அவள் உடம்பு முழுக்க வேர்த்தது. அவன் போட்டுவிட்டான். கொஞ்சம் நேரமாயிற்று, அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணவனிடம் மணிக்கட்டைக் காட்டினாள். நகம் பதிந்து சிவந்திருந்தது. “பிடுங்கறது எவ்வளவு சுகம்னு இப்பதான் தெரியுது. அவர் மேல எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைஞ்சிடுச்சு. பயம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றாள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை. தெரியும். நீங்கள் யார் கையிலிருந்தும் எதையும் பிடுங்குகிறவர் அல்ல, போனில் படம் அனுப்பக் கற்றுக்கொள்கிற அப்பாவிடமும் சரி, முதல்முதலாக ஷூ லேஸ் கட்டுகிற பிள்ளையிடமும் சரி, நீங்கள் பொறுமையின் சிகரம். ஒப்புக்கொள்கிறோம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறோம். இந்தப் பக்கத்தை முதலில் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தானா? பக்கத்தில் ஒருவர் தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே படித்துக்கொண்டிருந்தாரே, அப்படி என்ன இருக்கு, நானே வாசிச்சுக் காட்டறேன் என்று வாங்கிக்கொண்டீர்களே? அவர் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார். எந்த வரியில் நிறுத்தினார் என்று கேட்டுப் பாருங்கள்.